தகரக் கூரையில் ஈரச் சாக்கு

ஏப்ரல் 6

அத்தைக்கு,

போன் போட்டால் உங்கள் பெண், அண்ணிதான் எடுக்கிறார். "அம்மா போனையே தொடறதில்ல, தப்பா நினைக்காதே" என்கிறார். அதனால் எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடத் தோன்றும். கோழி விஷயம், படித்துவிட்டுக் கிழியுங்கள்.

பதினொன்றில் இரண்டு போய்விட்டன. கழுத்தில் இறகில்லாத சிவப்பும், குட்டைக்கால் சாம்பலும். செவ்வாய்க்கிழமை மதியம் ஐஸ் கம்பெனியிலிருந்து சாப்பாட்டுக்கு வந்தபோது எல்லாம் அலகைப் பிளந்துகொண்டு, இறக்கையை உடம்பை விட்டு அகட்டிப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றன. ஒரு சத்தம் இல்லை. அந்த இரண்டு மட்டும் உட்கார்ந்திருந்தன. தூங்குகிறதென்று நினைத்துத் தொட்டேன். கை சுட்டது.

இன்னும் கத்திரி வெயில் தொடங்கவே இல்லை, அதற்குள் இப்படி. வித்துத் தொலைக்க வேண்டியதுதானே என்று கம்பெனியில் சொல்கிறார்கள். போன வருடம் உங்கள் பிள்ளை கோழிக் கொட்டகைக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்த அன்று, கூரையில் சாக்கு சொட்டிக்கொண்டிருந்தது, உள்ளே ஒரு கோழிகூடச் சாகவில்லை. அவர் காப்பாற்றிவிட்டுப் போனவை இவை. நான் சாகவிட்டால் எனக்கே என்னைப் பிடிக்காது.

நீங்கள் இருபது வருடம் வளர்த்த கை. என்ன செய்ய வேண்டுமென்று நாலு வரி எழுதுங்கள். சேவல் நன்றாக இருக்கிறது. அதற்கு அவர் வைத்த 'மேனேஜர்' என்ற பெயர் பொருத்தம்தான். ஒரு வேலையும் செய்யாமல் எல்லோரையும் மேற்பார்வை பார்த்துக்கொண்டு திரிகிறது.

உங்கள் மருமகள்


ஏப்ரல் 11

மருமகளுக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை.

மருந்து எதுவும் வேண்டாம். காலை ஆறு மணிக்குள் தீனி போட்டு முடித்துவிடு. வெயில் ஏறிய பிறகு தானியத்தைக் கண்ணில் காட்டாதே. தின்றதைச் செரிக்கிற சூடே அதைக் கொன்றுவிடும். தர்பூசணித் தோல் கிடைத்தால் போடு. தண்ணீரை ஒரு சட்டியில் வைக்காதே. நாலு இடத்தில், நிழலில், அகலத் தட்டில் வை. கால் நனைகிற மாதிரி இருக்கட்டும், கோழிக்குக் கால் வழியாகத்தான் சூடு இறங்கும். தரையை ஒரு மூலையில் கொத்திவிட்டு ஈரமாக்கு. அதில் படுத்துக்கொள்ளும். மயங்கி விழுந்தால் ஐஸ் தண்ணீரில் முக்காதே, அதிர்ச்சியிலேயே போய்விடும். சாதாரணத் தண்ணீரில் கால், வயிறு நனைய நிறுத்து.

பிறகு சாக்கு. தகரத்தின் மேல் நாலு சாக்கைப் பரப்பி, பத்து மணிக்குள் ஒரு தரம், பதினொன்றரைக்கு ஒரு தரம் நனைக்க வேண்டும். இது உனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அதற்கு யாரைக் கூரைமேல் ஏற்றுவது என்று உனக்கு நன்றாகவே தெரியும்.

அவன் அம்மா


ஏப்ரல் 16

அத்தைக்கு,

கடைசி வரியைப் படித்துவிட்டு இரண்டு நாள் கடிதத்தை மேசையில் கவிழ்த்து வைத்திருந்தேன். நான் அவரை ஏறச் சொல்லவில்லை. அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு தரம் சொன்னேன். இப்போது ஒரு தரம். இனிமேல் சொல்லமாட்டேன்.

நீங்கள் எழுதிய எல்லாவற்றையும் செய்கிறேன். சாக்கைத் தவிர. ஏணி இல்லை, நீங்கள் கிளம்புகிற அன்று அதை வெட்டிப் போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினீர்கள். கொட்டகை ஒன்றரை ஆள் உயரம். குழாயில் வருகிற தண்ணீர் வேகத்துக்கு, டியூப் போட்டால் என் முழங்கால்கூட நனையாது. கம்பெனியில் உடைந்த ஐஸ் கட்டிகளைக் கீழே கொட்டிவிடுவார்கள். அதைப் பையில் கட்டி சைக்கிளில் கொண்டு வந்து தட்டில் போடுகிறேன். மேனேஜர் முதல் நாள் ஐஸைக் கொத்திவிட்டுப் பயந்து ஓடியது. இப்போது என் சைக்கிள் மணி கேட்டாலே வந்து நிற்கிறது.

இதையெல்லாம் எழுத உட்காரவில்லை. வேறொன்று இருக்கிறது, எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

முந்தாநாள் மதியம் வந்தபோது, கொட்டகைக் கூரையில் சாக்கு கிடந்தது. நாலு சாக்கு. சொட்டச் சொட்ட நனைந்து, கீழே மண்ணில் வரிசையாகக் குழி விழுந்திருந்தது. கோழிகள் அலகை மூடிக்கொண்டு நின்றன.

சாக்குகள் சாமான் அறையில் அவர் கம்பம் ஏறுகிற பெல்ட்டோடு சேர்த்துப் பூட்டி வைத்திருந்தவை. சாவி என் சைக்கிள் சாவிக் கொத்தில் இருக்கிறது. போய்ப் பார்த்தேன். பூட்டு பூட்டியபடியே இருந்தது. உள்ளே சாக்கு இல்லை.

நேற்றும் நனைந்திருந்தது. இன்றும். யார் என்று தெரியவில்லை.

உங்கள் மருமகள்


ஏப்ரல் 20

மருமகளுக்கு,

யார் என்று தெரியவில்லையாம். நான் என்ன சொல்லுவேன் என்று எதிர்பார்த்து இதை எழுதினாய்?

என் பிள்ளை லைன்மேன். விடிந்ததிலிருந்து கம்பத்தில் தொங்கிவிட்டு, ஒரு வாய் சோறு தின்ன வீட்டுக்கு வருகிறவன். அவனைப் பன்னிரண்டு மணி வெயிலில் கொதிக்கிற தகரத்தின்மேல் நிற்க வைத்தார்கள். இறங்கினான், நாலு அடி நடந்தான், விழுந்தான். பக்கத்து வீட்டு டைலர் பார்த்துத் தூக்கும்போது உடம்பு அடுப்பு மாதிரி இருந்ததாம். நான் பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்தது. முப்பது வருடம் ஆஸ்பத்திரி வார்டில் ஆயாவாக இருந்தவள் நான். எத்தனை பேருக்கு ஈரத்துணி போட்டுச் சூட்டை இறக்கியிருக்கிறேன். என் பிள்ளைக்குப் போட நான் இல்லை.

இப்போது நீ உட்கார்ந்து எனக்குப் பேய்க்கதை எழுதுகிறாய். டைலரைப் பிடித்துக் கேள், அவன்தான் இரக்கப்பட்டு ஏறியிருப்பான். இல்லை, நீயே ஏறிவிட்டு என்னை ஆழம் பார்க்கிறாய்.

இனி எழுதாதே.

எழுதுவதாக இருந்தால், சாக்கை எதனால் கட்டியிருந்தது, முடிச்சு எப்படி இருந்தது என்று மட்டும் எழுது.

அவன் அம்மா


ஏப்ரல் 25

அத்தைக்கு,

டைலரிடம் கேட்டேன். அவருடைய தையல் மிஷின் நம் கொட்டகையைப் பார்த்த ஜன்னலோரம்தான் இருக்கிறது. நாள் முழுக்க அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். யாரும் வரவில்லை என்கிறார். கேட் பூட்டிக் கிடந்தது என்கிறார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "தகரம் மட்டும் பன்னெண்டு மணிக்குச் சத்தம் போடும்மா. சூட்டுக்குப் போடுதுன்னு நெனச்சேன்" என்றார். எப்படிச் சத்தம் என்று கேட்டேன். அவர் மிஷின் பலகையில் உள்ளங்கையை வைத்து, ஒரு தட்டு, கொஞ்சம் விட்டு ஒரு தட்டு, இன்னும் கொஞ்சம் தள்ளி ஒரு தட்டு தட்டிக் காட்டினார். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நேற்றிலிருந்து அவர் மிஷினை வாசல் பக்கம் திருப்பிப் போட்டிருக்கிறார்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். ஒவ்வொரு மூலையிலும் கரண்ட் ஒயர்த் துண்டால் கட்டியிருக்கிறது. மேலே போர்த்தியிருக்கும் கறுப்பு ரப்பரைச் சீவிவிட்டு, உள்கம்பியை மட்டும் மூன்று சுற்று முறுக்கி, நுனி வெளியே நீட்டாமல் மடித்து உள்ளே செருகியிருக்கிறது. கட்டிலில் ஏறி நின்று விரலால் தடவிப் பார்த்தேன். குத்தவில்லை.

இன்னொன்றும் பார்த்தேன். கோழி மேலே பார்ப்பதென்றால் தலையைச் சாய்த்து ஒரு கண்ணால்தான் பார்க்கும். பருந்து வந்தால் அப்படித்தான் பார்க்கும். உடனே மேனேஜர் ஒரு சத்தம் கொடுக்கும், எல்லாம் சிதறி ஓடும். நான் மதியம் பன்னிரண்டரைக்கு வந்தபோது ஒன்பதும் தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றன. மேனேஜர் சத்தம் கொடுக்கவில்லை. எதுவும் ஓடவில்லை. தீனி போட வருகிறவரைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தன.

நான் ஏறவில்லை, அத்தை. உங்களை ஆழம் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

உங்கள் மருமகள்


ஏப்ரல் 30

மருமகளுக்கு,

உன் கடிதத்தை உன் நாத்தனாரிடம் காட்டவில்லை. மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

நுனியை மடித்து உள்ளே செருகுவது வார்டுப் பழக்கம். கட்டுப் போட்டு முடித்ததும் துணியின் நுனி நோயாளிக்குக் குத்தக் கூடாது, உறுத்தக் கூடாது என்று அப்படிச் செய்வோம். அவன் சின்னப் பையனாக இருந்தபோது முழங்காலை உடைத்துக்கொண்டு வருவான், நான் போட்டுவிடுவேன். அதைப் பார்த்துப் பார்த்து ஒயர் கட்டினாலும் அப்படியே கட்டுவான். கூட வேலை செய்கிறவர்கள் கிண்டல் பண்ணுகிறார்கள் என்று சிரிப்பான். இது வேறு யாருக்கும் தெரியாது. உனக்குமே இதன் காரணம் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

இனி நான் சொல்வதைக் கேள். எப்படி, ஏன் என்று யோசிக்காதே. நாளைக்கே ஓர் ஏணிக்கு வழி பண்ணு. காலையில் வேலைக்குப் போகுமுன் நீயே சாக்கை நனைத்துவிட்டுப் போ. மதியம் பன்னிரண்டு ஆவதற்குள் ஓடி வந்து மறுபடி நனை. சாக்கு ஈரமாக இருந்தால் அவனுக்கு அங்கே வேலை இல்லை. காய்ந்து கிடந்தால் ஏறுவான், அவன் சுபாவம் அது. ஒரு குழாய் சொட்டினால்கூட எழுந்து போய் மூடிவிட்டு வந்துதான் படுப்பான்.

அந்தத் தகரத்தில் அவனை மறுபடி ஏற விடாதே. இதை மட்டும் செய்.

அவன் அம்மா


மே 9

அத்தைக்கு,

நீங்கள் சொன்னதை நான் செய்யவில்லை.

ஏணி கிடைக்காமல் இல்லை. கம்பெனியில் அலுமினிய ஏணி சும்மாதான் சாய்த்து வைத்திருக்கிறது, கேட்டால் கொடுப்பார்கள். நான் கேட்கவில்லை. ஒரு வருடமாக இந்த வீட்டில் எல்லாம் காய்ந்து கிடந்தது. சட்டையில் அவர் வாசனை போய்விட்டது. தலையணையில் போய்விட்டது. இப்போது தினமும் மதியம் அவர் கையால் நனைத்த சாக்கு ஒன்று வீட்டில் இருக்கிறது. அதை நான் எப்படி வேண்டாம் என்பேன்? சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டகை ஓரம் சொட்டுகிற தண்ணீருக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிடுவேன். தோளில் சொட்டும். கம்பெனியில் என்னைப் பார்த்து, ஆளே தெளிஞ்சிட்டே என்றார்கள்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பார்க்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

வியாழக்கிழமை லீவு போட்டேன். காலையில் தட்டுகளில் தண்ணீர் வைக்கவில்லை, ஐஸ் வைக்கவில்லை, தரையை நனைக்கவில்லை. ரொம்பக் காய்ந்து கிடந்தால் கட்டாயம் வருவார் என்று கணக்குப் போட்டேன். சைக்கிளைக்கூட டைலர் வீட்டில் விட்டுவிட்டு, ஆள் இல்லாத மாதிரிக் கதவைச் சாத்திக்கொண்டு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

பதினோரு மணிக்கே கோழிகள் அலகைப் பிளந்துவிட்டன. பதினொன்றே முக்காலுக்கு வெள்ளை ஒன்று ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எழுந்து போய் நாலு கை தண்ணீர் தெளித்தால் பிழைத்துவிடும் என்று தெரியும். போகவில்லை. அது கழுத்தை நீட்டிக்கொண்டு அடங்குகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தேன், அத்தை. பிறகு கொண்டைக் கறுப்பு. அதற்கும் போகவில்லை.

பன்னிரண்டு மணிக்குத் தகரம் சத்தம் போட்டது. டைலர் தட்டிக் காட்டியது போலவே. ஆள் தெரியவில்லை. ஆனால் மிதிக்கிற இடத்தில் தகரம் பள்ளமாகிறது, காலை எடுத்ததும் நிமிர்கிறது, நன்றாகத் தெரிந்தது. சாக்கு ஒவ்வொன்றாக நிறம் மாறியது. தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. கீழே வாளி நகரவில்லை.

கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். கொட்டகைக்குக் கீழே போய் நின்றதும்தான் அந்த மூச்சுச் சத்தம் கேட்டது. வாயால் இழுத்து வாயால் விடுகிற மூச்சு. வேகமாக, மேலோட்டமாக, அந்தக் கோழிகள் விட்டதைப் போலவே. நான் அவர் என்று நினைத்து உருகி நின்ற அத்தனை நாளும் மேலே அந்த மூச்சோடுதான் நின்றிருக்கிறார்.

ஏழு இருக்கின்றன. நீங்கள் எவ்வளவு திட்டினாலும் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் மருமகள்


மே 13

மருமகளே,

திட்டுவதற்கு எனக்கு வாய் இல்லை.

அந்த மூச்சு எனக்குத் தெரியும். வெயிலில் விழுந்தவர்களை வார்டுக்குத் தூக்கி வரும்போது அப்படித்தான் விடுவார்கள். கண் திறந்திருக்கும், ஆள் இருக்கமாட்டார். நீ எழுதியிருப்பது அதே மூச்சுதான். செத்து ஒரு வருடம் ஆகியும் அவனுக்குச் சூடு இறங்கவில்லை. யாரோ சொன்ன வேலையை முடிக்கவில்லை என்று ஏறிக்கொண்டே இருக்கிறான்.

அவனைப் பார்க்க வேண்டும் என்று உனக்கு இருக்காதா? எனக்கு மட்டும் இல்லையா? நீ எழுதியதைப் படித்துவிட்டு, உடனே பஸ் ஏறி வந்து அந்தச் சொட்டுத் தண்ணீருக்குக் கீழே நானும் உட்காரலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு என்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும். மூச்சு வாங்குகிற பிள்ளையை வேலை வாங்கி அதில் குளிர் காய்வதா?

உன்னிடம் நான் இதுவரை எதற்கும் கெஞ்சியதில்லை. இப்போது கெஞ்சுகிறேன். ஏணியைக் கொண்டு வா. அவனை இறக்கிவிடு. நீ சொன்னால் கேட்பான். நான் சொன்னால் கேட்பான் என்று சொல்லிக்கொண்டு திரிந்த காலமெல்லாம் அவன் உன் பேச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான், எனக்குத் தெரியும்.

அவன் அம்மா


மே 17, மாலை

அத்தைக்கு,

ஏணி நேற்றே வந்துவிட்டது. கம்பெனி லாரிக்காரர் கொண்டுவந்து இறக்கினார். இன்றைக்கு இந்த வருடத்திலேயே அதிக வெயில் என்று ரேடியோவில் சொன்னார்கள். லீவு சொல்லிவிட்டேன்.

ஆறு மணிக்குள் தீனி. ஏழு மணிக்கு ஏறினேன். அந்நேரத்துக்கே தகரம் காலைச் சுட்டது. சாக்கை நாலு வாளி குடிக்கிறவரை நனைத்தேன். ஒரு முழு ஐஸ் பாளத்தை உடைத்து நாலு தட்டிலும் போட்டேன். பிறகு அரை மணிக்கு ஒரு தரம் ஏறி ஏறி இறங்கினேன். பத்து, பத்தரை, பதினொன்று, பதினொன்றரை. கை வீங்கிவிட்டது, இந்தக் கடிதத்தில் எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான். ஏழும் ஈர மண்ணில் வயிற்றை வைத்துப் படுத்திருந்தன. மேனேஜர் முதல் தடவையாக வேலை செய்வதுபோல என் பின்னாலேயே ஏணிவரை வந்து வந்து போனது.

பன்னிரண்டே காலுக்குத் தகரம் சத்தம் போட்டது. சாக்கிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, நனைக்க ஒன்றும் இல்லை. ஆனாலும் ஏறிவிட்டார். மேலே அங்கும் இங்கும் நடந்தார். என்ன செய்வதென்று தெரியாதவர் நடக்கிற மாதிரி இருந்தது. அந்த மூச்சு.

நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "எல்லாம் நனைச்சாச்சு. இனிமே தினமும் நான்தான் நனைப்பேன். நீங்க இறங்குங்க."

நடை நின்றது.

"கோழி ஏழும் நல்லாருக்கு. மிச்சத்த நான் பாத்துக்கிறேன். போதும், இறங்குங்க."

பிறகு நான் பிடித்திருந்த ஏணி கனத்தது. ஒரு படி, இன்னொரு படி. மேனேஜர் தலையைச் சாய்த்து ஒவ்வொரு படியாகப் பார்த்துக்கொண்டே வந்து, கடைசியில் தரையைப் பார்த்தது. என் முகத்துக்கு நேராக அந்த மூச்சு கொதித்தது. மெல்ல மெல்ல இடைவெளி விட்டது. நீளமாக ஒன்று. அதற்குப் பிறகு கேட்கவில்லை. படுத்திருந்த கோழிகள் எழுந்து இரண்டு பக்கமும் ஒதுங்கின. கேட்வரைக்கும் வழி விட்டன. நான் முன்னால் போய்க் கேட்டைத் திறந்துவிட்டேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. சொன்னால் நின்றுவிடுவார்.

எங்கே போனார் என்று தெரியாது.

இதையும் இன்றே எழுதிவிடுகிறேன். அவருடைய போன் என்னிடம்தான் இருக்கிறது. அன்றைக்குப் பதினொன்று முப்பத்திரண்டுக்கு அதில் கடைசியாக யார் பேசினார்கள் என்று ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே பார்த்துவிட்டேன். எட்டு நிமிடம் பேசியிருந்தீர்கள். ஏன் ஏற்றினாய் என்று நீங்கள் எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்டபோது சொல்லியிருக்கலாம். உங்கள் முகத்தைப் பார்த்தேன். இன்னொன்றைத் தாங்குகிற முகமாக அது இல்லை. கோபம் இல்லாமல் இல்லை, ஒரு வருடம் இருந்தது. இன்றைக்கு ஏணி இறங்கியபோது அதுவும் கொஞ்சம் இறங்கியது.

உங்கள் மருமகள்


மே 17, இரவு

மருமகளே,

நீ என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்று தெரியாமல் எழுதுகிறேன். நான் நாலு நாள் முன்னால் எழுதியது உனக்குக் கிடைத்ததா, ஏணி வந்ததா, தெரியாது. இன்றைக்கு நடந்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும். உன்னிடம் சொல்வதுதான் முறை.

மதியம் மூன்று மணி இருக்கும். உன் நாத்தனார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கீழ்வீட்டுக்குப் போயிருந்தாள், அங்கேதான் ஏசி. இந்த மூன்றாவது மாடி அறையில் நான் மட்டும் கட்டிலில் படுத்திருந்தேன். அவர்கள் போன பிறகு கரண்ட் போய்விட்டது. கதவு சாத்தியிருந்தது. மூச்சு முட்டுகிற புழுக்கம். திடீரென்று அறை குளிர்ந்தது. கண்ணைத் திறந்து பார்த்தால், சிமெண்ட் தரையில் வாசலிலிருந்து என் கட்டில்வரை ஈரக் கால்தடம். வெறுங்கால். வலது கால் சுண்டுவிரல் பதியவில்லை. கம்பத்திலிருந்து விழுந்து அவனுக்கு அந்த விரல் போனது உனக்குத் தெரியும்.

நான் பயப்படவில்லை. பயந்தேன், ஆனால் அவனைக் கண்டு இல்லை. என்னைக் கேட்கத்தான் வந்திருக்கிறான் என்று பயந்தேன்.

அதனால் அவன் கேட்குமுன் நானே சொல்லிவிட்டேன். "நான்தான்டா ஏறச் சொன்னேன்" என்றேன். அன்றைக்குப் பதினொன்றரைக்கு நான்தான் போன் போட்டேன். சாக்கு நனைச்சியா என்று கேட்டேன். மூன்று மணி நேரம் கம்பத்தில் இருந்துவிட்டு வந்திருக்கிறேன்மா, தலை வலிக்கிறது, சாயங்காலம் பார்க்கிறேன் என்றான். நான் விடவில்லை. சாயங்காலம் எதை நனைப்பாய், செத்த கோழியையா என்றேன். உன் பெண்டாட்டிக்கு ஐஸ் கம்பெனியில் குளிர் அடிக்கிறது, உனக்கு வீட்டில் நிழல் கேட்கிறது, வாயில்லாத ஜீவனை யார் பார்ப்பது என்றேன். எட்டு நிமிடம் பேசினேன். தலை வலிக்கிறது என்று அவன் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று முப்பது வருடம் வார்டில் இருந்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடைசியில், "சரிம்மா, ஏறுறேன்" என்றான். அதற்குப் பிறகு நான் போனைத் தொடவில்லை.

அதையெல்லாம் அந்த ஈரத்துக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னேன். நீதான் அவனை ஏற்றினாய் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னதையும் சொன்னேன்.

வெளியே அவ்வளவு வெயில், ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் நொடியில் உறிஞ்சிவிடும். அந்தத் தடங்கள் நான் பேசி முடிக்கிறவரை காயவில்லை. பிறகு வாசலிலிருந்து ஒவ்வொன்றாகக் காய்ந்துகொண்டு வந்தன. கட்டில் ஓரத்தில் இருந்த இரண்டு மட்டும் நின்றன. நான் கட்டிலிலிருந்து இறங்கி அவற்றின் மேல் என் காலை வைத்தேன். குளிர்ச்சியாக இருந்தது. அந்தக் குளிர்ச்சி அவன் உடம்பில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, தடம் காய்கிறவரை அசையாமல் நின்றேன்.

உன் நாத்தனார் வந்ததும் அவளிடமும் சொல்லிவிட்டேன். அழுதாள். இன்னும் என்னோடு பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் காலை பஸ்ஸில் கிளம்புகிறேன். இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வந்துவிடும், வர வேண்டும் என்றுதான் இன்றே போடுகிறேன். படித்துவிட்டு முடிவு பண்ணு. நான் தெருவிலேயே நிற்கிறேன், பை கையில் இருக்கும். உன்னைக் கூப்பிடமாட்டேன். கூப்பிடுகிற உரிமை எனக்கு இல்லை. நீயாக வெளியே வந்தால் உள்ளே வருவேன். வராவிட்டால் அடுத்த பஸ் நாலு மணிக்கு இருக்கிறது.

உன் அத்தை